எழுத்தழிந்த சுவிட்சுகள்

நம் கலாசாலைச் சஞ்சிகைக்கு ஏதேனும் ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு பழைய மாணவனாகிய எனக்கு ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தபோது, எதைப்பற்றி எழுதுவது என்று சில நாள் மயங்கியிருந்தேன். அரிய பெரிய பொருள்களைப்பற்றி எழுதும் ஆற்றல் என்னிடமில்லை. ஆயினும் ஒரு பழைய படகைச் செப்பனிடப் புகுந்து, அதன் முகப்பிலிருந்த சில தேய்ந்த சுவிட்சுகளால் யான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று என் உள்ளத்தை விட்டு அகலாதிருக்கின்றது. அஃது இன்று பயிலும் மாணவ நண்பர்களுக்கும் பயன்படலாம் என்ற துணிவினால் அதனையே எழுதலானேன்.

யான் இப்பொழுது வாழ்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள மிச்சிகன் மாகாணத்தில். பெருங்கடல் போன்ற ஏரிகள் அம்மாகாணத்தைச் சூழ்ந்திருப்பதன்றி, அதன் உள்ளேயும் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட சிற்றேரிகள் உள்ளன. ஆதலால் அங்கே படகு வைத்திருப்பது செல்வர்க்கே உரிய செயலன்று. பனிக்காலத்தில் வீட்டு முற்றங்களில் போர்வை போர்த்து உறங்கும் படகுகள் வேனில் பிறந்ததும் நீரில் இறங்கும். பன்னிரண்டு வயது நிரம்பிய என் மகள் அவற்றைக் கண்டு, "நமக்கும் ஒன்று வேண்டும், அப்பா" என்று இரண்டாண்டுகளாக வற்புறுத்தி வந்தாள். புதுப்படகு வாங்கும் பொருள்வளம் என்னிடமில்லை. எனவே, 2022-ஆம் ஆண்டு வேனிலின் தொடக்கத்தில், 1984-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பத்தொன்பதடி நீளமுள்ள பெட்ரோல் இயந்திரப் படகொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, சக்கர வண்டியின்மேல் ஏற்றிக் கொணர்ந்து முற்றத்தில் நிறுத்தினேன். அதனை விற்றவரோ அதற்கு முன் இருவர் கைமாறிப் பெற்றவர். படகின் உள்விவரம் ஒன்றும் அறியாதவர்.

படகின் உடல் நன்றாகவே இருந்தது. இருக்கைகளின் உறை கிழிந்திருந்தது. ஆனால் என்னைத் திகைக்கச் செய்தது முகப்புப் பலகையே. சுக்கான் சக்கரத்தின் இருபுறமும் பக்கத்திற்கு மூன்றாக ஆறு சுவிட்சுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர் வெள்ளை மையால் அச்சிடப்பட்டிருந்த அடையாளம் தெரிந்தது. எனினும் முப்பத்தெட்டு ஆண்டுக்கால வெயிலும் விரல்களும் அவ்வெழுத்துக்களை உண்டுவிட்டன. ஐந்தின் கீழ் ஒன்றுமேயில்லை. ஒன்றின் கீழ் மட்டும் ஆங்கில எழுத்தாகிய 'பி' ஒன்று தப்பியிருந்தது. அந்தச் சுவிட்சின் குமிழ் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகத் தேய்ந்து, மேற்பூச்சு முழுவதும் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அதற்கு அடுத்திருந்த குமிழோ நேற்றுக் கடையில் வாங்கியதுபோற் பளபளவென்றிருந்தது.

பெட்ரோற் படகுகளைப்பற்றி ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். மோட்டார் வண்டியில் எங்கேனும் பெட்ரோல் கசிந்தால் அதன் ஆவி கீழே இறங்கித் தெருக்காற்றிற் கலந்து போய்விடும். படகிலோ இயந்திரம் ஒரு மூடிய அறைக்குள் இருக்கின்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே அது வெளியேறாமற் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்குச் சற்றுக் குறைவாக அவ்வாவி கலந்திருந்தாலும் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். இக்காரணத்தால், 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் அந்நாட்டிற் செய்யப்படும் இத்தகைய படகுகளில், அடிவயிற்றின் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று இருத்தல் வேண்டும் என்று சட்டம் உண்டு. படகோட்டிகள் அதனைப் புளோயர் என்பர். இயந்திரத்தைக் கிளப்புவதற்குமுன் அவ்விசிறியை நான்கு நிமிஷமாவது ஓடவிட்டு, ஆவி இருக்கின்றதா என்று சோதித்தல் வேண்டும் என்ற எச்சரிக்கையும் சாவித் துளையினருகே ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

இதனை யான் படித்தறிந்திருந்தேன். அவ்வறிவே என்னை ஏமாற்றிற்று. "ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைக் கிளப்புமுன் தொடப்படுவது புளோயர்ச் சுவிட்சு, ஆகவே மிகுதியாகத் தேய்ந்திருப்பதும் அதுவாகவே இருத்தல் வேண்டும். மேலும் அதன் பெயரின் முதலெழுத்தும் 'பி'யே, இதோ அவ்வெழுத்து எஞ்சியிருக்கின்றது" என்று முடிவு கட்டினேன். அந்தக் குமிழை மேலே தள்ளினேன். படகின் அடியிலிருந்து 'ஹும்' என்ற ஓசை எழுந்தது. என் தருக்க நுட்பத்தை யானே மெச்சிக்கொண்டு, ஒரு காகிதத் துண்டில் 'புளோயர்' என்று எழுதி அதனடியில் ஒட்டினேன். பக்கத்திலிருந்த பளபளப்பான சுவிட்சைத் தள்ளிப் பார்த்ததில் ஒன்றும் நிகழவில்லை. அது வெறுமனே வைத்த உபரிச் சுவிட்சு போலும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நண்பகலில் பெட்ரோல் நிரப்பினோம். இயந்திரத்திற்குக் குளிர்நீர் ஊட்டத் தோட்டத்துக் குழாயைப் பொருத்தினோம். முற்றத்திலேயே அதனைக் கிளப்பிப் பார்ப்பது என்பது ஏற்பாடு. யான் 'புளோயர்' என்று எழுதிய சுவிட்சைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் படகின் பின்புறம் நின்று, காற்று வெளிவரும் துவாரத்தின் எதிரே ஒரு மெல்லிய காகித நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனை நான் சொல்லவில்லை. அவளே விளையாட்டாகச் செய்தாள்.

மூன்று நிமிஷம் கழிந்தபின், "அப்பா, காகிதம் ஆடவேயில்லையே!" என்றாள்.

"சரியாகப் பிடி, அம்மா. ஓசை கேட்கவில்லையா?" என்றேன்.

"ஓசை கேட்கிறது. காற்றுத்தான் வரவில்லை."

எனக்குச் சிறிது சினமும் வந்தது. "நான்கு நிமிஷம் ஆகிவிட்டது. நீ தள்ளி நில்" என்று சொல்லிச் சாவியிற் கை வைத்தேன். அவளோ நகரவில்லை. "நீங்கள் வந்து பாருங்கள், அப்பா" என்று பிடிவாதமாக நின்றாள். அவள் வாயை அடக்குவதற்காகவே சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கிச் சென்றேன். துவாரத்தினருகே குனிந்தபோதுதான் அந்த வாடை என் மூக்கில் ஏறிற்று.

சாவியை அதன் பின்பு யான் தொடவில்லை. மின்விசை எதனையும் தொடாமல், இயந்திர அறையின் மூடியை மட்டும் மெல்லத் திறந்து வைத்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு வெகு தூரம் போய் நின்றேன். மாலைவரை காற்று வீசி வாடை முற்றிலும் நீங்கியபின் வந்து பார்த்தால், பழைய ரப்பர்க் குழாய் ஒன்று வெடிப்புற்று, இணைப்பினடியில் ஈரம் படர்ந்திருந்தது. இந்நாளிற் பெட்ரோலுடன் சாராயச் சத்தாகிய எதனால் கலக்கப்படுகின்றது. அதனைத் தாங்கும் வண்ணம் அக்காலத்துக் குழாய்கள் செய்யப்படவில்லை. யான் மட்டும் சாவியைத் திருப்பியிருந்தால், துவாரத்தின் எதிரே நின்றவள் யார் என்பதை இன்று நினைத்தாலும் என் உடல் நடுங்குகின்றது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் கலாசாலையின் பௌதிக ஆய்வுச்சாலை நினைவுக்கு வந்தது. எங்களுக்குச் செய்முறை கற்பித்த ஆசிரியர் ஒருவர், மூடிய மரப்பெட்டி ஒன்றில் நான்கு முனைகள் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, உள்ளே என்ன இருக்கின்றது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். பெட்டியைத் திறத்தலாகாது, கல்வனோமானியையும் ஒரு மின்கலத்தையுமே பயன்படுத்துதல் வேண்டும். ஒருவன், "மின்தடைக் கம்பி இருக்கலாம், ஐயா" என்பான். உடனே அவர், "அளந்தாயா, ஊகித்தாயா?" என்று கேட்பார். ஊகித்தேன் என்று விடை வந்தால் ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அந்த மௌனத்திற்கு யாங்கள் அஞ்சியதுபோல் வேறெதற்கும் அஞ்சியதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், அயல்நாட்டு முற்றமொன்றில், அவர் ஒரு சொல்லும் பேசாமல் என் மேசையைக் கடந்து போவதுபோலவே எனக்குத் தோன்றிற்று.

மறுநாள் முறைப்படி தொடங்கினேன். முதலிற் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினேன். ஆறு சுவிட்சுகளுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டேன், பெயரிடவில்லை. பின்னர் ஒவ்வொரு குமிழையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் சோதித்தேன். ஒன்று தள்ளிய இடத்தில் நில்லாமல் விட்டவுடன் திரும்பிவிட்டது. அது ஊதுகுழற்குரியதாக இருத்தல் கூடும். மற்றொன்று மேலும் கீழும் இருபுறமும் சென்று இருபுறமிருந்தும் நடுவுக்குத் திரும்பிற்று. அது இயந்திரத்தின் பின்காலை உயர்த்தவும் தாழ்த்தவும் அமைந்ததாகலாம். வேறொன்று மூன்று நிலைகளிலும் நின்றது. ஓடும்போது ஒரு வகையாகவும் நங்கூரமிட்டு நிற்கும்போது வேறு வகையாகவும் விளக்கேற்றும் சுவிட்சுக்கு அஃது இயல்பு. எஞ்சிய மூன்றும் எளிய இருநிலைச் சுவிட்சுகள். ஆனால் இவையாவும் 'கூடும்', 'ஆகலாம்' என்ற அளவிலேயே நின்றன. குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதினேன்.

அடுத்துப் பலகையின் பின்புறம் படுத்துக்கொண்டு கம்பிகளின் நிறத்தைப் பார்த்தேன். 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அமெரிக்கன் போட் அண்டு யாட் கௌன்சில் என்னும் சபை, படகின் கம்பிகளுக்கு நிறவரிசை ஒன்றை வகுத்திருக்கின்றது. அதன்படி நாற்புற விளக்குகளுக்குச் சாம்பல் நிறம், முகப்பு மானிகளின் விளக்குக்குக் கருநீலம், இயந்திரத்தின் பொறிச்சுற்றுக்கு ஊதா, அடிவயிற்றில் தேங்கும் நீரை இறைக்கும் பம்புக்குப் பழுப்பு, புளோயருக்கு மஞ்சள். ஆனால் மஞ்சளை எதிர்முனைக் கம்பிக்குப் பயன்படுத்தியிருந்தால், புளோயருக்குப் பழுப்பின்மேல் மஞ்சட் கோடு இட்ட கம்பியைப் போடுதல் வேண்டும். என் படகில் எதிர்முனைக் கம்பிகள் மஞ்சளாகவே இருந்தன. ஆகவே யான் தேடவேண்டியது மஞ்சட் கோடிட்ட பழுப்புக் கம்பியை. பலகையின் பின்னால் எங்கு நோக்கினும் அத்தகைய கம்பி இல்லை. வெறும் பழுப்புக் கம்பிகள் இரண்டு இருந்தன. ஒன்று தேய்ந்த சுவிட்சுக்கும் மற்றொன்று பளபளத்த சுவிட்சுக்கும் சென்றன. இரண்டும் ஒரே நிறம். எது பம்புக்குரியது, எது புளோயருக்குரியது என்று நிறத்தால் அறிய வழியில்லை.

கம்பிக் கற்றையைச் சுற்றியிருந்த பழைய நாடாவை ஓரிடத்தில் மெல்ல உரித்தேன். ஒளி படாத அவ்விடத்தில், பளபளத்த சுவிட்சுக்குச் சென்ற கம்பியின்மேல், நூலிழை போன்ற மஞ்சட் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது! வெளியே இருந்த பகுதியில் வெயிலும் எண்ணெய்ப் புகையும் அக்கோட்டை அழித்துவிட்டிருந்தன. அப்பொழுதும் யான் நம்பிவிடவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முள்ளைச் சுவிட்சின் பின்முனையிலும், நீண்ட கம்பியொன்றால் மற்றொரு முள்ளை இயந்திர அறையிலுள்ள விசிறியின் முனையிலும் வைத்துத் தொடர்ச்சி உண்டா என்று சோதித்தேன். கருவி ஒலித்தது. தேய்ந்த சுவிட்சின் கம்பியை அவ்வாறே தொடர்ந்தபோது அது சென்று முடிந்தது பம்பில்.

உண்மை வெளிப்பட்டது. அடியில் நீரிறைக்கும் பம்பினை ஆங்கிலத்திற் பில்ஜ் பம்பு என்பர். அதன் முதலெழுத்தும் 'பி'. புளோயரின் முதலெழுத்தும் 'பி'. யான் கேட்டு மகிழ்ந்த ஓசை, நீரில்லாக் குழியில் வீணே சுழன்ற பம்பின் ஓசை. படகில் எங்கோ சிறு கசிவு பல்லாண்டு இருந்திருத்தல் வேண்டும். ஆகவே முன்னிருந்தோர் பம்பினை நாள்தோறும் இயக்கி அதன் குமிழைத் தேய்த்திருக்கின்றனர். புளோயரையோ தொடாமலே விட்டிருக்கின்றனர். தேய்மானம் எனக்குப் பொய் சொல்லவில்லை. அது உரைத்தது, மனிதர் எதைச் செய்தனர் என்பதை. யானோ அதனை, மனிதர் எதைச் செய்தல் வேண்டும் என்பதாகப் பிழைபடப் படித்தேன்.

இனி வியப்பான மற்றொன்று. இரு சுவிட்சுகளின் தடையையும் அளந்தேன். தேய்ந்து பித்தளை தெரிந்த சுவிட்சு, மூடிய நிலையில் ஏறக்குறையத் தடையே இன்றி மின்சாரத்தை விட்டது. பளபளத்த சுவிட்சோ மூடினும் திறப்பினும் ஒன்றே. உள்ளே வழி முற்றும் அடைபட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால், தொடுமுனைகளின்மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுவிட்சின் தொடுமுனைகள் ஒவ்வொரு முறையும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும் இயல்புடையன. பயன்படுத்தாது விட்டால் ஈரக்காற்று அவற்றைத் தின்றுவிடும். வெளியே தேய்ந்தது உள்ளே உயிருடனிருந்தது; வெளியே புதியது உள்ளே இறந்திருந்தது. விசிறியின் முனையிலிருந்த இணைப்பும் அங்ஙனமே அரித்துப் போயிருந்தது.

நிற்க. ஒரு சுவிட்சு தேய்ந்திருக்கின்றதா என்பதை அறியத் தடையை அளப்பது மட்டும் போதாது. சுமையோடு அளத்தல் வேண்டும் என்பதையும் கூறிவிடுகின்றேன். விளக்குச் சுவிட்சு தடைச் சோதனையிற் குற்றமற்றதாகவே தோன்றிற்று. எனினும் பாட்டரியை மீண்டும் இணைத்து விளக்குகளை எரியவிட்டு, சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே அளந்தபோது 1.5 வோல்ட் அங்கேயே இழக்கப்படுவது தெரிந்தது. விளக்குகள் இழுத்த மின்னோட்டம் 2.5 ஆம்பியர். இவ்விரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 4 வாட். அவ்வளவு வெப்பமும் விரல்நுனியளவான சுவிட்சுக்குள் வீணே பிறந்துகொண்டிருந்தது. மேலும் 12.6 வோல்ட் கிடைக்கவேண்டிய விளக்குக்கு 11.1 கிடைத்தால், இழைவிளக்கின் ஒளி மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். பன்னிரண்டு மீட்டருக்குட்பட்ட படகின் இடப்புறச் சிவப்பும் வலப்புறப் பச்சையும் ஒரு கடல்மைல் தொலைவுக்காவது தெரிதல் வேண்டும் என்பது விதி. இருளில் எதிரே வருபவன் நம்மைக் காண்பது அவ்வொளியால் மட்டுமே. ஆகவே அந்தச் சுவிட்சையும் மாற்றினேன்.

மொத்தத்தில் மூன்று சுவிட்சுகளைப் புதிதாக வாங்கினேன். மூன்றினைத் துப்புரவு செய்து வைத்துக்கொண்டேன். மோட்டார் வண்டிக் கடையில் மலிவாகக் கிடைப்பனவற்றை நாடாமல், நீருக்கும் ஈரத்திற்குமென்றே செய்யப்பட்டனவற்றை வாங்கினேன். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணுள்ள சீட்டைக் கட்டி, அதனை மாற்றி முடித்தபின்பே அடுத்ததைத் தொட்டேன். பெட்ரோற் குழாய்கள் அனைத்தையும் புதுப்பித்தேன். விசிறிக்குக் காற்றைக் கொணரும் குழல் அடிவயிற்றின் தாழ்ந்த பகுதிவரை இறங்கியிருக்கின்றதா என்றும் பார்த்துக்கொண்டேன்; ஆவி தேங்குவது அங்கேயன்றோ! இறுதியாக என் மகள் சிறு தகடுகளிற் பெயர்களைப் பொறித்தாள். 'பி' என்ற எழுத்தினால் வந்த இடரை நினைத்து, ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதவேண்டும் என்றாள். 'காற்று' என்று ஒன்றிலும் 'நீர்' என்று மற்றொன்றிலும் எழுதினாள். இவ்விரண்டையும் இனி எவரும் மயங்குதற்கில்லை.

மாணவ நண்பர்களே, யான் கூறவந்தது இவ்வளவே. எழுத்தழிந்த ஒன்றின்முன் நிற்கும்போது, அறியாதவனைவிட அரைகுறையாக அறிந்தவனே விரைவில் முடிவு கட்டுகின்றான். யான் புளோயரைப்பற்றி ஒன்றும் படியாதிருந்தால், அந்தச் சுவிட்சுக்குப் பெயரிடத் துணிந்திருக்கமாட்டேன். கற்ற சிறிதினால் துணிந்தேன். கேட்ட ஓசையைச் சான்றாகக் கொண்டேன். எதிர்ச்சான்று கூறிய குழந்தையின்மேற் சினந்தேன். அவளிடம் நூலறிவு இல்லை; ஒரு காகித நாடா இருந்தது. காற்று வருகின்றதா என்ற கேள்வியைக் காற்றினிடமே கேட்டவள் அவள். நம் ஆய்வுச்சாலையில் எனக்கு எத்தனையோ ஆண்டுகளுக்குமுன் கற்பிக்கப்பட்டதும் அதுவே.

ஜூலை மாதத்து மாலையொன்றில் படகை ஏரியில் இறக்கினோம். சாவியிற் கை வையாமல், 'காற்று' என்ற சுவிட்சைத் தள்ளினேன். என் மகள் பின்புறம் குனிந்து நாடாவைப் பிடித்தாள். யான் கடிகாரத்தைப் பாராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆடுகிறது, அப்பா!" என்றாள்.

நான்கு நிமிஷமும் காத்திருந்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தபின்பே இயந்திரத்தைக் கிளப்பினேன். அந்தக் காகித நாடா சில நாளில் நனைந்து கிழிந்துவிட்டது. அதற்கு மாற்றாக அவள் கட்டிய பட்டு நாடா, இன்றும் எங்கள் படகின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றது.